கால் பங்கு எங்கே?

(அமராவதிபுதூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அமராவதிபுதூரிலே அமர்ந்து கேட்டோரே! அன்று வர இயலாமல், இன்று ஞாயிற்றுக்கிழமைக் காலையிலே இந்த ஏட்டைக் கையிலே ஏந்தியிருப்போரே!

மேடையேறியவன் மாற்றாரைச் சாடுவான், தேர்தல் கணக்கைப் போடுவான் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் அன்று சற்று ஏமாந்துதான் போனார்கள். முன்வரிசையிலே இருந்த பெரியவர் ஒருவர், "என்ன தம்பி, இன்றைக்குப் பட்டறைக் கதையா?" என்று கேட்டேவிட்டார். ஆம், பட்டறைக் கதைதான். பட்டறையிலே வேலை செய்கிறவனைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. அவனுக்குக் கூலி போதவில்லை என்கிறோம், கூரை ஒழுகுகிறது என்கிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் அவனுக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவன் ஒருவன் இருக்கிறானே, அவனைப் பற்றி என்றாவது ஒரு மேடையிலே ஒரு வார்த்தை பேசியதுண்டா? அவனுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள், எப்போது கற்றுக் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு அவன் யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்கிறான் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

நான் எண்ணிப் பார்த்தேன். எண்ண வைத்தது இந்த ஊர். காரைக்குடியை அடுத்த இந்த அமராவதிபுதூரிலே அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. உழவன் வீட்டுப் பிள்ளையும், சலவைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும், கொத்தனார் வீட்டுப் பிள்ளையும் காலையிலே நீலச் சட்டையணிந்து உள்ளே போகிறார்கள். கடைசல் இயந்திரத்தின் முன்னே நிற்கிறார்கள். அவர்களுடைய எதிர்காலம் யார் கையிலே இருக்கிறது? அமைச்சர் கையிலே பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பாதி, அந்த இயந்திரத்தருகே எண்ணெய்க் கறை படிந்த கையோடு நிற்கிறாரே பயிற்றுநர், அவர் கையிலே!

கல்லூரியைப் பாதியிலே விட்டவன் பயிற்சியைப் பற்றிப் பேசலாமா என்று யாரேனும் கேட்கலாம். விட்டவனுக்குத்தான் விட்டுப்போனதன் அருமை தெரியும், அதனால் பேசுகிறேன்.

நன்னூலைப் பள்ளியிலே நடத்தினார்கள். பெயர், வினை, இடை, உரி என்று புணர்ச்சி விதிகளைக் கண்டு அஞ்சி ஓடினோம். ஓடிய அவசரத்திலே அதன் வாயிலிலேயே இருந்த செல்வத்தைப் பார்க்காமல் போனோம். பவணந்தி முனிவர் இலக்கணத்தைத் தொடங்குவதற்கு முன்பாகவே ஆசிரியர் என்பவர் யார், மாணவர் என்பவர் யார், பாடம் சொல்வது எப்படி, கேட்பது எப்படி என்று வகுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். அங்கே ஒரு கணக்குச் சொல்கிறார். என்னைத் திடுக்கிட வைத்த கணக்கு! ஆசான் சொன்னதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் மாணவனுக்குச் சேருவது கால் பங்குதானாம். அதே பாடத்தில் உழைக்கும் மற்றவர்களோடு கலந்து பழகும்போது இன்னொரு கால் பங்கு வருமாம். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்து விரித்துரைக்கும்போதுதான் வந்து சேருமாம்.

இந்தக் கணக்கைப் பயிற்றுநருக்குப் போட்டுப் பாருங்கள். ஆசானிடம் பெற்ற கால் பங்கு உண்டு. எங்கோ ஒரு நிலையத்திலே பயிற்சி பெற்றுத்தான் வந்தார். சொல்லிக் கொடுத்துப் பெறும் அரைப் பங்கும் உண்டு; நாள்தோறும் சொல்லிக் கொடுக்கிறார். நடுவிலே ஒரு கால் பங்கு இருக்கிறதே, தன்னைப் போன்ற வினையாளரோடு கலந்து பெறும் கால் பங்கு, அது எங்கே? அந்தக் கால் பங்கைத் தேடித்தான் இன்று பேச வந்தேன்.

முதலிலே ஒன்று தெளிவாக வேண்டும். வேலை தெரிந்தவனெல்லாம் வேலையைச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவனாகிவிட மாட்டான். இங்கிருந்து தொலைவில்லை ஆத்தங்குடி. அங்கே தரைக்கல் செய்யும் கூடத்திலே போய் நின்று பாருங்கள். ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் பூ வடிவம் வெட்டிய உலோக அச்சு. அந்த அறைகளுக்குள்ளே வண்ணம் கலந்த சிமிட்டிக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார் கைவினைஞர். அச்சைத் தூக்குகிறார்; ஒரு வண்ணம் இன்னொரு வண்ணத்தோடு கலக்கவில்லை! அதன்மேல் உலர்ந்த மணலும் சிமிட்டியும், அதற்குமேல் ஈரக் கலவை. பிறகு நீர்த்தொட்டியிலே ஊற வைத்து, உலர வைத்து, கண்ணாடியைக் கழற்றினால், முகம் பார்க்கும் பளபளப்பு! "குழம்பு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், ஐயா?" என்று கேட்டேன். "கை சொல்லும்" என்றார். அவருக்குக் கை சொல்லும். கற்க வந்த பதினெட்டு வயதுப் பையனுக்குக் கை என்ன சொல்லும்? அது இன்னும் பேசக் கற்காத கை!

கை அறிந்ததை வாய்க்குக் கொண்டுவருவது தனித் தொழில். நாடகக்காரன் என்பதால் இது எனக்கு நன்றாகத் தெரியும். என் முதல் நாடகத்திலே, மேடையிலே நெருப்பாய் நிற்கும் நடிகர் ஒருவரைப் புதிய பையன்களுக்குப் பயிற்சி தரச் சொன்னேன். அவர் பத்து முறை நடித்துக் காட்டினார். பதினோராம் முறை பையன் நடித்தான். அவன் நடிக்கவில்லை, அவரைப் போல இருமினான்! அவருக்கு அன்று சளி. எது வேலை, எது இருமல் என்று பிரித்துச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. பிரித்துப் பார்க்கப் பையனுக்கும் தெரியவில்லை.

மேடையிலே இருமினால் சிரித்துவிட்டுப் போகலாம். அழுத்து இயந்திரத்தின் அடியிலே தகட்டை வைக்கும் பையனுக்கு, "கையை எப்போது இழுக்க வேண்டும்" என்பதைச் சரியாகச் சொல்லித் தரவில்லையென்றால்? ஏகலைவன் கதையைச் சொல்லிச் சொல்லி நாம் குமுறியிருக்கிறோம். துரோணனாவது கேட்டு வாங்கினான் கட்டைவிரலை. பயிற்சியின்றி நிறுத்தப்பட்ட இளைஞனிடம் இயந்திரம் கேட்பதில்லை, தோழர்களே!

தந்தையின் தொழிலை மகன் பார்த்தே கற்றுக்கொள்வான் என்றும் ஒரு திட்டம் வந்தது இந்த நாட்டிலே. 1953-இல் ஆச்சாரியார் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டம். பள்ளியிலே மூன்று மணி நேரம், மிச்சப் பொழுது அப்பனின் தொழில். நம் முன்னோடிகள் அதை எதிர்த்தது சாதியை நிலைநிறுத்துகிறது என்பதற்காக. அதுவே போதுமான காரணம். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. ஆனால் அந்தத் திட்டத்துக்குள்ளே இன்னொரு பிழையும் ஒளிந்திருந்தது. தந்தை என்பதாலேயே ஒருவன் ஆசானாகிவிடுவான் என்ற எண்ணம் அது! அந்தத் திட்டம் மாய்ந்தது. அந்த எண்ணம் மாயவில்லை. மூத்த தொழிலாளி என்பதாலேயே பயிற்றுநராகிவிடுவார் என்று இன்றைக்கும் எத்தனையோ ஆலைகள் எண்ணுகின்றன. தொழில்பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது; ஆலைகள் இளைஞர்களை வைத்துப் பயிற்சி தர வேண்டுமென்று விதித்தது. இளைஞன் வருகிறான். மேலாளர் அவனை மேஸ்திரியிடம் அனுப்புகிறார். "இவனையும் கொஞ்சம் பார்த்துக்கொள்" என்கிறார். அவ்வளவுதான், பயிற்சித் துறை உருவாகிவிட்டது!

உலகம் இதை எப்படி எதிர்கொண்டது? 1940-இல், போர் மேகம் சூழ்ந்த வேளையிலே, அமெரிக்காவிலே ஒரு நெருக்கடி. தொலைநோக்கிகளுக்கு வில்லை தேய்க்கும் கைவினைஞர் போதவில்லை. ஒருவன் தேர்ச்சி பெற ஆண்டுக்கணக்காகும் என்றார்கள். போர் ஆண்டுக்கணக்கிலே காத்திருக்குமா? வேலையை நுணுகிப் பார்த்தார்கள். அதிலே பெரும்பகுதி எவரும் விரைவிலே பழகக்கூடியது. உண்மையிலேயே நுட்பமானவை சில வேலைகளே. அந்தச் சிலவற்றைப் பிரித்து, எந்த இடத்திலே கை தவறும், ஏன் தவறும் என்று சொல்லிக் கொடுக்கும் முறையை வகுத்தார்கள். தொழிலகத்துக்குள்ளே பயிற்சி என்ற பெயரிலே அந்த இயக்கம் 1945 வரை நடந்தது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்கூடங்களிலே பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதிலே தேர்ந்தனர்.

அவர்கள் பயிற்றுநருக்குப் பயிற்சி தந்த விதம் ஒரு நாடகம் போல இருக்கும். விளக்குத் தொங்கும் மின்கம்பியிலே போடுகிற ஒரு முடிச்சு. இழுத்தாலும் இணைப்புக் கழன்று விடாமல் காப்பது அது. மேஸ்திரி ஒருவரை அழைத்து, வாயினாலே மட்டும் முடிச்சை விளக்குவார்கள். கட்டத் தெரியாமல் திணறுவார். இன்னொருவரை அழைத்து, வாய் திறவாமல் கட்டிக் காட்டுவார்கள்; அவரும் திணறுவார். கூடியிருப்போர் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவருக்கும் நெஞ்சிலே முள் தைக்கும்: நாளும் நான் என் ஆட்களுக்கு இப்படித்தானே சொல்லித் தருகிறேன்! அதன் பிறகுதான் முறையாகக் கற்பிப்பார்கள். முதலிலே கற்பவனின் அச்சத்தைப் போக்கு. அவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேள். பின்பு படிப்படியாகச் சொல்லிக் காட்டு. ஒவ்வொரு படியிலும் எது உயிர்நிலை, ஏன் உயிர்நிலை என்று சொல். அதன்பின் அவனைச் செய்யச் சொல். செய்துகொண்டே உனக்கு விளக்கச் சொல். கடைசியிலே தனியே விடு. ஆனால் சந்தேகம் வந்தால் யாரிடம் போக வேண்டுமென்று சொல்லிவிட்டு விடு. போருக்குப் பிறகு சப்பான் இதை வாரி அணைத்துக்கொண்டது. டொயோட்டா ஆலை இதையே தன் பயிற்சிக்கு அடித்தளமாக்கிக்கொண்டது.

கவனித்தீர்களா, தோழர்களே? கற்பவனுக்குக்கூட "யாரிடம் போய்க் கேட்பது" என்று வழி சொல்லிவிட்டுத்தான் விட்டார்கள். நம் பயிற்றுநருக்கு அந்த வழியை யார் சொன்னார்கள்?

நம் நாட்டிலே ஏற்பாடே இல்லை என்று சொல்ல மாட்டேன். பழி சுமத்துவது எளிது. உண்மை சொல்வது கடமை. பயிற்றுநரைப் பயிற்றுவிக்கும் நடுவண் நிலையம் 1948-இலேயே பிலாஸ்பூரை அடுத்த கோனியிலே தொடங்கியது. கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் வந்தது. சென்னை கிண்டியிலே இன்று தேசியத் திறன் பயிற்சி நிலையம் என்ற பெயரிலே இயங்குவது, பயிற்றுநர்களை உருவாக்கும் பழைய நிலையத்தின் புதிய வடிவம்தான். அங்கே ஓராண்டுப் பயிற்சி. தொழிலும் உண்டு, தொழிலைக் கற்பிக்கும் முறையும் தனிப் பாடமாக உண்டு. நல்ல ஏற்பாடு! ஆனால் அந்த ஓராண்டு முடிந்து, சான்றிதழோடு ஒருவர் ஊர் திரும்பிய பிறகு? முப்பதாண்டுப் பணி. இடையிலே எப்போதாவது சில நாள் புத்தாக்கப் பயிற்சி. கடைசல் இயந்திரம் போய்க் கணினி ஆட்டுவிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. மின் ஊர்தி வந்துவிட்டது. மாநில அரசு 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்திலே புதுப்பிக்க 2022-இல் டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. கருவிக்குக் கோடி கொடுத்தார்கள், வரவேற்கிறேன், கைதட்டுகிறேன். அந்தக் கருவியைக் கற்பிக்கும் மனிதர் மாலை ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போகிறாரே, அந்தத் தனிமையை எந்த இயந்திரம் போக்கும்?

செட்டிநாட்டாரே, உங்கள் பாட்டனார்கள் இந்தத் தனிமையை வென்றவர்கள்! இரங்கூனிலும் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் வட்டிக்கடை வைத்தார்கள். பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகி, அடுத்தாள் ஏஜெண்டானான். அதுவே ஒரு பயிற்சி நிலையம். முந்திரி, கீழரை என்று பின்னக் கணக்கை மனத்திலே ஏற்றிவிட்டுத்தான் கப்பலேற்றினார்கள். அதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வியப்பானது கிட்டங்கி. ஒரே நீண்ட கூடம். வரிசையாகப் பல கடைகளின் பெட்டிகள். ஒவ்வொன்றும் வேறு வேறு முதலாளிக்கு உரியது. போட்டியாளர்கள்! ஆனால் ஒரே கூரை, ஒரே அடுக்களை, பக்கத்திலே பாய் விரித்துப் படுக்கை. ஒரு கடைப் பையன் செய்த பிழையிலிருந்து அடுத்த கடைப் பையன் பாடம் கற்றான். இரங்கூன் நகரத்தார் மாதந்தோறும் கோயிலிலே கூடி, அந்த மாத நடப்பு வட்டி இவ்வளவு என்று முடிவு செய்தார்கள். பர்மிய உழவனின் நிலம் அந்த வட்டியிலே என்னவாயிற்று என்பது வேறு கதை. அது கண்ணீர்க் கதை, அதை மறைக்க மாட்டேன். அந்தக் கூடத்திலே மற்றச் சாதியாரின் பிள்ளைக்கு இடமிருந்ததா என்றும் கேட்பேன். ஆயினும் முறையைப் பாருங்கள்! வட்டிக்காகக் கூடினார்களே, வித்தைக்காகக் கூடக் கூடாதா?

"கூடினால் என் தொழில் இரகசியம் போய்விடுமே" என்பார் சிலர். இந்த மண்ணின் பழைய நோய் அது. சாகும் தறுவாயிலும் மருந்தின் பெயரைச் சொல்லாமல் போன வைத்தியர் கதை ஊருக்கு ஒன்று உண்டு. மறைத்து வைத்தவன் வாழ்ந்தானா? வித்தை மட்டும் செத்தது. நாடகக் குழுக்களும் ஒரு காலத்திலே அப்படித்தான் இருந்தன. ஒரு குழுவின் வாத்தியார் இன்னொரு குழுவின் கொட்டகையிலே கால் வைக்கமாட்டார். அந்தச் சூழலிலேதான் 1944-இல் ஈரோட்டிலே டி.கே.எஸ். சகோதரர்கள் முயற்சியால் நாடகக் கலை மாநாடு கூடியது. ஒன்றாய் அமர்ந்ததால் எவருடைய கொட்டகையும் காலியாகிவிடவில்லை.

சிங்கப்பூரைப் பாருங்கள். நம்மவர் கப்பலேறிப் போன அதே சிங்கப்பூர். அங்கே பெரியவர்களுக்குத் தொழில் கற்பிப்போரைப் பயிற்றுவிக்கவென்றே 2008-இல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். அந்தப் பயிற்றுநர்கள் ஒருவரையொருவர் அறிந்து கலந்து பழக ஒரு வலையமைப்பையும் அதனோடு சேர்த்தார்கள். ஏன்? அங்கே பலர் எந்த நிறுவனத்தையும் சேராது தனியே தொழில் செய்யும் பயிற்றுநர்கள். பக்கத்து மேசை என்ற ஒன்றே அவர்களுக்குக் கிடையாது. நம் நாட்டிலும் பயிற்சி, வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம் 1970 முதல் இயங்குகிறது. தலைமையகம் தில்லி, கிளைகள் பெருநகரங்களிலே. அதன் பணியைப் பாராட்டுகிறேன். ஆனால் பெரிய நிறுவனத்தின் அதிகாரி குளிரூட்டிய மண்டபத்திலே கூடுவதும், அமராவதிபுதூரின் பற்றவைப்புப் பயிற்றுநர் கூடுவதும் ஒன்றல்லவே! அவருக்கு தில்லி தொலைவு, சென்னையும் தொலைவு, விடுப்புக் கேட்டால் மேலதிகாரியின் முகமும் தொலைவு.

அப்படியானால் அருகிலே யார் இருக்கிறார்கள்? கணக்கெடுங்கள். தொழிற்பயிற்சி நிலையம் இங்கே. காரைக்குடியிலே அழகப்பர் எழுப்பிய கல்வி நகரம். பொறியியல் கல்லூரி 1952-இல் வந்தது. முந்நூறு ஏக்கரும் பதினைந்து இலட்சம் ரூபாயும் அவர் அள்ளித் தர, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. உலோகம் ஏன் துருப்பிடிக்கிறது என்பதை உலகுக்குச் சொல்லும் அறிஞர் அங்கே இருக்கிறார். சில கல் தொலைவிலே, முலாம் பூசும் பட்டறையிலே, பூச்சு ஏன் உரிந்து வருகிறது என்று தெரியாமல் பையன்களை ஏசிக்கொண்டிருக்கிறார் ஒரு மேஸ்திரி. இருவரும் ஒரே கடையிலே தேநீர் அருந்தியிருக்கக் கூடும், பேசியிருக்க மாட்டார்கள்! பேருந்துப் பணிமனையிலே புதிய மெக்கானிக்குகளைப் பழக்கும் மூத்தவர் இருக்கிறார். மகளிர் குழுவுக்குத் தையல் கற்றுத் தரும் அம்மையார் இருக்கிறார். அவரைப் பயிற்றுநர் என்று எவரும் அழைப்பதில்லை, "டெய்லர் அக்கா" என்றே அழைக்கிறார்கள். ஆனால் ஊசி பிடிக்கத் தெரியாத முப்பது பேரை ஆறு மாதத்திலே சம்பாதிக்க வைத்திருக்கிறார். கற்பிக்கும் கலையிலே அவரிடம் பொறியாளர் கற்க வேண்டியது நிறைய உண்டு. ஆத்தங்குடிக் கைவினைஞரும் இருக்கிறார், பேசாத கையோடு.

இவர்களை மாதம் ஒரு முறை ஓரிடத்திலே கூட்டினால் என்ன? சங்கம் பதிவு செய்ய வேண்டாம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று முதல் நாளே மூன்று பேர் சண்டையிட வேண்டாம். நம் கட்சிப் படிப்பகங்கள் மாலையிலே திறந்துதானே கிடக்கின்றன? கொடியை வெளியே வைத்துவிட்டு அறையைக் கொடுங்கள். மாற்றுக் கட்சிக்காரரும் பயிற்றுநர்தான், அவர் உள்ளே வரக் கூச வேண்டியதில்லை. கிளைச் செயலாளர்களே, கூட்டத்துக்கு நாற்காலி போட்டுவிட்டு நீங்கள் வெளியே போய்விட வேண்டும். இது உங்களுக்குச் சற்றுக் கடினமான பணி என்பது எனக்குத் தெரியும்!

உள்ளே என்ன நடக்க வேண்டும்? சொற்பொழிவு வேண்டாம், என்னைப் போன்றவனை அழைக்கவே வேண்டாம். ஒவ்வொருவரும் கெட்டுப்போன வேலைத்துண்டு ஒன்றைக் கொண்டு வரட்டும். விரிசல் விட்ட பற்றவைப்பு, கோணலான மடிப்பு, வண்ணம் கலந்துபோன தரைக்கல். "என் பையன் இதை இப்படிச் செய்துவிட்டான், நான் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், என் சொல்லிலே எங்கே பிழை?" என்று மேசைமேல் வைக்கட்டும். பையனைக் குறை சொல்லாமல் தன் சொல்லைக் குறை காணத் துணிகிறவர் இருவர் முதல் மாதத்திலே கிடைத்தால் போதும். ஆலை முதலாளிமாருக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த ஒரு மாலைக்கு மேஸ்திரியின் கூலியைப் பிடிக்காதீர்கள்.

கூட்டம் முடிந்து இறங்கியபோது, அந்தப் பட்டறைக் கதைப் பெரியவர் வந்தார். முப்பத்தோராண்டு கடைசல் வேலை கற்பித்து ஓய்வு பெற்றவராம். "எல்லாம் சரி தம்பி, தேநீர்ச் செலவு யாருடையது?" என்றார். முதல் ஆறு மாதம் என்னுடையது என்றேன். அடுத்த நாடகத்தின் வசூலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். "நாடகம் ஓடாவிட்டால்?" என்றார். சட்டைப்பையிலிருந்து பழைய கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்து, முதல் பக்கத்திலே தம் பெயரை எழுதி, என்னிடம் நீட்டினார்.